பனிக்கரையில் ஒரு குறுங்கோடை

ஆசியாக் கண்டத்தின் வடகோடியில், சைபீரியாவின் டைமிர் தீபகற்பம் உறைந்த கடலை நோக்கி நீண்டு கிடக்கின்றது. அதன் கரையோரத்தில் மரங்களே இல்லை. பாசியும் புல்லும் தரையோடு தரையாகப் படரும் குறுஞ்செடிகளுமே அங்குள்ள பசுமை. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய இத்தகைய நிலத்தைத் தூந்திரம் என்பர். இங்குப் போய்க் குஞ்சு பொரிக்கும் பறவையும் உண்டோ என்று வாசகர்கள் வியக்கலாம். உண்டு. நம் கோடியக்கரையின் சேற்று நிலங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் வளைமூக்கு உள்ளான், இந்த வடகரையைத் தேடியே பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து செல்கின்றது.

காரணம் இல்லாமல் இல்லை. கோடையில் அங்குக் கதிரவன் வாரக்கணக்கில் மறைவதில்லை. எந்நேரமும் இரை தேடலாம். மேல்மண் மட்டுமே இளகி, அடிமண் என்றும் உறைந்திருப்பதால், உருகிய நீர் கீழிறங்க வழியின்றிக் குட்டைகளாகத் தேங்குகின்றது. அக்குட்டைகளிலும் ஈரநிலத்திலும் கொசுக்களும் சிறு பூச்சிகளும் கோடிக்கணக்கில் தோன்றுகின்றன. குஞ்சுகளுக்கு அதுவே விருந்து.

ஆனால் அவ்விருந்து சில வாரங்களே நீடிக்கும். ஜூன் மாதத்தில் பனி விலகிய திட்டுகளில் பெடை நான்கு முட்டைகளை இடுகின்றது. ஆண்பறவை விரைவில் தெற்கே கிளம்பிவிட, தாய் தனியாகவே ஏறத்தாழ இருபது நாட்கள் அடைகாக்கின்றது. பொரித்த குஞ்சுகள் ஒரு நாளைக்குள் கூட்டை விட்டு நடந்து, தாமே பூச்சிகளைப் பிடித்துத் தின்னத் தொடங்கும். எனினும் குளிர் தாங்க அவற்றுக்கு ஆற்றல் போதாது. அடிக்கடி தாயின் சிறகடியில் ஒடுங்க வேண்டும். குளிர்மழை தொடர்ந்தால் பூச்சிகளும் குறையும், இரை தேடும் நேரமும் குறையும். குஞ்சுகள் மெலிந்து மடியும்.

வானிலை ஒன்றே போதுமா? போதாது. லெம்மிங் என்னும் சிற்றெலிகளின் பெருக்கமும் வேண்டும். இவை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏராளமாகப் பெருகிப் பின் அருகிவிடும். பெருகிய ஆண்டில் பனிநரிகள் எலிகளையே தின்று வயிறு நிறைகின்றன, முட்டைகள் பிழைக்கின்றன. எலிகள் அருகிய ஆண்டில் நரிகளின் பார்வை கூடுகளின்மேல் திரும்புகின்றது. இங்குக் கூடு கட்டும் பிரென்ட் என்ற சிறு காட்டுவாத்துகள், எலி மிகுந்த ஆண்டுகளில் பனி ஆந்தையின் கூட்டருகே முட்டையிடுவதுண்டு. தன் கூட்டைக் காக்க ஆந்தை நரியை விரட்டுகையில், அண்டை வீட்டாரும் காக்கப்படுகின்றனர்! இவ்வாத்துகள் குளிர்காலத்தில் இங்கிலாந்து, ஹாலந்து கரைகளுக்கு வருகின்றன. அங்கே அவற்றின் கூட்டங்களில் சில ஆண்டுகள் குஞ்சுகள் நிறைந்திருக்கும். சில ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றுமே இராது.

இந்த நுண்ணிய ஒழுங்குக்குத்தான் இன்று இடையூறு நேர்ந்துள்ளது. புவி வெப்பம் உயர, டைமிரில் பனி முன்னதாகவே உருகுகின்றது. அங்குப் பிறக்கும் நாட் என்ற மற்றோர் உள்ளான் வகையைப் பற்றிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. 33 ஆண்டுக் காலத்தில் பனியுருகும் நாள் ஆண்டுக்கு அரைநாள் வீதம் முந்தி வந்ததை அது காட்டிற்று. பூச்சிகள் மலிந்த நாட்கள் கடந்தபின் பொரிக்கும் குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குறுகி வளர்கின்றன. ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாக் கரைக்குச் சேர்ந்தபின், மணலில் ஆழப் புதைந்த சிப்பிகளை அவற்றின் குறுகிய அலகு எட்டுவதில்லை. அதனால் பல மடிகின்றன. வடக்கே கோடையில் நேர்ந்த குறை, உயிரை வாங்குவதோ வெப்பமண்டலத்தில்!

லெம்மிங் எலிகளுக்கும் தீங்குண்டு. குளிர்காலத்தில் மென்பனியின் அடியில் வாழ்பவை அவை. இடையே வெப்பம் புகுந்து பனி உருகி மீண்டும் உறைந்தால், உணவு பனிக்கட்டிக்குள் அகப்படுகின்றது. எலிகள் குறைந்தால் கூடுகளுக்குக் காவலும் குறையும்.

கோடியக்கரைக்குச் செல்வோர் உள்ளான் கூட்டத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். முதல் ஆண்டுப் பறவைகளின் முதுகில் இறகுதோறும் வெளிர்நிற ஓரம் இருக்கும். வழிகாட்டத் தாயும் தந்தையும் இன்றித் தாமே வந்து சேர்ந்த குஞ்சுகள் அவை. அவை மிகுந்திருந்தால், டைமிரில் அவ்வாண்டுக் கோடை நன்றாகவே கழிந்தது என்று கொள்ளலாம்.