பார்க்கின்சன் மாத்திரை: டோஸ் மட்டுமல்ல, நேரமும் மாறுவது ஏன்?

காலை 7 மணிக்கு மாத்திரை. 8 மணிக்கெல்லாம் அப்பா வாசலில் நின்று பேப்பர் படிக்கிறார். 10.30 மணிக்கு அதே அப்பாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மதிய மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நடக்கிறார். "காலையில நல்லாத்தானே இருந்தாரு, வேணும்னே பண்றாரா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும்.

வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்வதில்லை. காலையில் போட்ட மாத்திரையின் வேலை 10 மணியோடு முடிந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டால், பார்க்கின்சன் சிகிச்சையில் பாதி புரிந்த மாதிரி.

மாத்திரை என்ன செய்கிறது?

நம் உடலின் அசைவுகளைச் சீராக வைத்திருக்க மூளைக்கு டோபமின் என்ற ரசாயனம் தேவை. அதைத் தயாரிக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால்தான் நடுக்கம், இறுக்கம், மந்தமான நடை எல்லாம் வருகின்றன. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் மூளைக்குள் போய் டோபமினாக மாறும் 'லெவோடோபா' கொடுக்கப்படுகிறது. வழியிலேயே அது வீணாகாமல் பார்த்துக்கொள்ளவும், குமட்டலைக் குறைக்கவும் கூடவே 'கார்பிடோபா' சேர்க்கப்படுகிறது.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோய்க்கு, 1960-களில்தான் பலன் தரும் மருந்து வந்தது. 1961-ல் வியன்னாவில் ஊசியாகப் போட்டபோது கிடைத்த பலன் சில மணி நேரமே நீடித்தது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், சிறிய அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக டோஸைக் கூட்டி, வாய்வழியாகக் கொடுத்தார். பலன் நீடித்தது. டோஸைப் பார்த்துப் பார்த்து மாற்றுவது அன்றிலிருந்தே இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி.

சில வருடங்களில் ஏன் மாறுகிறது?

ரத்தத்தில் லெவோடோபா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மீதமிருக்கும் செல்கள் டோபமினைச் சேமித்து வைத்துக்கொள்வதால், மூன்று வேளை மாத்திரையிலேயே நாள் ஓடிவிடும். செல்கள் குறையக் குறைய சேமிக்க இடமில்லை. அடுத்த வேளைக்கு முன்பே இறுக்கம் திரும்பும். இதை 'வேரிங் ஆஃப்' என்கிறார்கள். மருந்து வேலை செய்யும் நேரம் 'ஆன்', செய்யாத நேரம் 'ஆஃப்'.

இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து உச்சத்தில் இருக்கும்போது கை, கால், கழுத்து தானாக நெளிந்து ஆடலாம். இதன் பெயர் டிஸ்கைனீசியா. வீட்டில் பலரும் இதை "நடுக்கம் அதிகமாயிடுச்சு" என்று நினைத்துவிடுகிறார்கள். டோஸ் பத்தவில்லை என்று ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

டாக்டர் எதையெல்லாம் மாற்றுவார்?

முதலில் இடைவெளி. மூன்று வேளையாகப் போட்டதை நான்கு, ஐந்து வேளையாகப் பிரிப்பார். ஒரு வேளைக்கான அளவு குறைந்தாலும் நாளின் மொத்த அளவு ஏறக்குறைய அதேதான் இருக்கலாம்.

அடுத்து துணை மருந்துகள். என்டகபோன், ரசாஜிலின் போன்றவை மருந்தின் வேலை நேரத்தை நீட்டிக்கும். என்டகபோன் போடுபவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகலாம், பயப்பட வேண்டாம். டிஸ்கைனீசியா தொல்லை கொடுத்தால் அமன்டடின் உதவும்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமின் மாதிரியே செயல்படும். ஆனால் பகலில் தூக்கம், கால் வீக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று சிலருக்குப் பிரச்சினை வரும். சிலர் திடீரென்று ஆன்லைன் ரம்மியில் பணத்தை விடுவார்கள், தேவையில்லாமல் ஷாப்பிங் செய்வார்கள். "இந்த வயசுல அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று சண்டை போடும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில், வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். அதனால் வயது கூடும்போது இதை மெதுவாக நிறுத்துவதும் உண்டு.

அட்டையைப் படியுங்கள்

'110' என்றால் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. '125' என்றால் 100-ம் 25-ம். '275' என்றால் 250-ம் 25-ம். மெடிக்கல் ஷாப்பில் "அது இல்ல சார், இது அதே கம்பெனிதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'சிஆர்' என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது.

சாப்பாடும் கணக்கில் உண்டு

பருப்பு, முட்டை, பால், கறியில் உள்ள புரதம், லெவோடோபாவோடு போட்டி போட்டுக்கொண்டு குடலிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் உள்ளே நுழையும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். அதற்காகப் புரதத்தையே நிறுத்தினால் உடல் இளைத்துவிடும். இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளி விட வேண்டும். மலச்சிக்கலும் மருந்து ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

செய்யவே கூடாதவை

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு, டோபமினைத் தடுத்து நோயைக் கூட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "பார்க்கின்சன் இருக்கு" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்த்தால் டோஸ் எகிறிவிடும்.

"சீக்கிரம் ஆரம்பிச்சா பின்னாடி வேலை செய்யாதா?"

இந்தப் பயத்தில் மருந்தைத் தள்ளிப்போட்டுக் கஷ்டப்படுபவர்கள் உண்டு. கானா, இத்தாலி நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. கானாவில் பலருக்கு மருந்தே பல வருடம் தாமதமாகத்தான் கிடைத்தது. இருந்தும், நோய் வந்து ஏறக்குறைய அதே காலத்தில் இரு நாட்டவருக்கும் இந்தச் சிக்கல்கள் வந்தன. முக்கியக் காரணம் நோயின் வயது, எத்தனை வருடம் மாத்திரை போட்டார் என்பதல்ல.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த செக்கப்புக்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது நடந்தார், எப்போது இறுகினார், எப்போது உடம்பு ஆடியது. 'ஆஃப்' நேரத்தில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். டாக்டர் அறைக்குள் போகும்போது பெரும்பாலும் 'ஆன்' நேரமாக இருந்துவிடும். வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது.

போனில் ஒவ்வொரு வேளைக்கும் அலாரம் வையுங்கள். வேறு காரணத்துக்காக அட்மிட் ஆனாலும், வார்டு ரவுண்ட்ஸ் நேரத்துக்குக் காத்திருக்காமல் அவருடைய நேரத்துக்கு மாத்திரை கிடைக்கும்படி நர்ஸிடம் கேளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவர்கள், 10.30 மணிக்கு ஒரு போன் செய்து, "இப்ப எழுந்து நடக்க முடியுதாப்பா?" என்றும் கேட்கலாம். அந்தப் பதிலைத் தேதியோடு குறித்து வைத்தால், அடுத்த டோஸை முடிவு செய்ய டாக்டருக்கு அது உதவும்.