பாலைவனத் தூசியை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்!

தர்மபுரி பக்கத்தில் இருக்கும் வத்தல்மலைக்குப் போயிருக்கிறீர்களா? சில நாட்களில் மேலிருந்து சமவெளி பளிச்சென்று தெரியும். சில நாட்களில் வெள்ளைத் திரை போட்டது போல் மறைந்துவிடும். அது பனியா, புகையா, தூசியா? இன்டர்நெட் இணைப்பு இருந்தால் நீங்களே கண்டுபிடிக்க முயலலாம்.

பிரவுசரைத் திறந்து, கூகுளில் 'நாசா வேர்ல்டுவியூ' என்று தேடுங்கள். இந்த வெப்சைட் இலவசம். திறந்ததும் உலகப் படம் தெரியும். மவுஸ் சக்கரத்தை உருட்டி இந்தியாவைப் பெரிதாக்குங்கள். கீழே உள்ள தேதியை மாற்றினால் அந்த நாளின் சாட்டிலைட் படம் வரும்.

பழகிப் பார்க்க, 2018 ஜூன் 14 என்று தேதி கொடுங்கள். அன்று ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த தூசி வட இந்தியாவை மூடியது. சண்டிகரில் விமானங்கள் ரத்தாயின. படத்தில் மேகம் பளிச்சென்ற வெள்ளையாகவும், புகை சாம்பல் நிறமாகவும், தூசி பழுப்பாகவும் தெரியும். முந்தைய நாட்களையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் தூசி வந்த வழி புரியும்.

ஆனால் சாட்டிலைட்டுக்கும் எல்லாம் தெரியாது. மேகம் இருந்தால் கீழே உள்ளது மறைந்துவிடும். தூசி எந்த உயரத்தில் மிதக்கிறது என்பதும் படத்தில் தெரியாது. எனவே தரையிலிருந்தும் அளக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 2001 முதல் சூரியனை நோக்கும் ஒரு கருவி இயங்கிவருகிறது. இது நாசாவின் 'ஏரோநெட்' அமைப்பைச் சேர்ந்தது. சூரிய ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதைப் பல நிறங்களில் அளக்கும். புகைத் துகள்கள் மிகச் சிறியவை. நீல ஒளியை அதிகம் மங்கச் செய்யும். தூசித் துகள்கள் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கச் செய்யும். இந்த வித்தியாசம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இனி, மலையில் மங்கல் தெரிந்தால் அன்றைய படத்தைப் பாருங்கள். வடமேற்கிலிருந்து பழுப்புப் பட்டை நம் பக்கம் நீளவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் உள்ளூரிலேயே இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: சாட்டிலைட் காட்டுவது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தத் தூசியை. நம் மூக்கில் ஏறுவது தரைமட்டக் காற்று. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் அருகிலுள்ள நிலையத்தின் 'பி.எம். 10' அளவைப் பாருங்கள். 24 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. தாண்டினால், அன்று அவர்கள் வெளியே அலைவதைக் குறைப்பது நல்லது.