அக்கா நடந்த வயதில் தம்பி நடக்கவில்லையா?

“பெரியவ பத்தாம் மாசமே நடந்துட்டா. இவன் ஒன்றே கால் வயசாகியும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.” இந்தக் கவலையை மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களிலும் கேட்கலாம், திருக்கழுக்குன்றத்துத் தெருக்களிலும் கேட்கலாம். அதே வீட்டில் ஆறுதலும் தயாராக இருக்கும்: “அவங்க அப்பாவுக்கே மூணு வயசுலதான் பேச்சு வந்துச்சு. தானா வரும், விடு.” முதல் பேச்சு வீண் பயத்தைக் கொடுக்கிறது. இரண்டாவது பேச்சு, திரும்பக் கிடைக்காத மாதங்களைத் தின்றுவிடுகிறது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு அளவுகோல் ஆகாது. அளவுகோல் வேறு இருக்கிறது. அதை வைத்துப் பார்க்கச் சொல்வது குழந்தையின் உரிமை. பார்ப்பதற்கான இடங்களும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கின்றன.

எவ்வளவு வித்தியாசம் இயல்பு?

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஒரு கால அளவை வெளியிட்டது. அதன்படி, துணையின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்தில் தொடங்கி 9 மாதம்வரை எப்போது வந்தாலும் இயல்பு. தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். தவழாமலேயே எழுந்து நடந்துவிட்ட குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆக, பத்தாம் மாதம் நடந்த அக்காவும், பதினைந்தாம் மாதம் சுவர் பிடித்து நிற்கும் தம்பியும் ஒரே எல்லைக்குள்தான் இருக்கிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு மாறும். இரட்டையர் பலரும் இந்த வகையில் வருவார்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், வயதிலிருந்து அந்த இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டே வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுவரை இந்தக் கழிவு உண்டு.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

குழந்தை வளர்வதைக் கூர்ந்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அதைச் செங்கீரை, சப்பாணி, வருகை, அம்புலி என்று பத்துப் பருவங்களாக வகுத்தார்கள். இன்றும் தாய்மார்கள் நிலாவைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறார்கள். அந்த நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் விரல் நீட்டினால் குழந்தை உங்கள் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறதா? சில மாதம் கழித்துத் தானே விரல் நீட்டிக் காக்காயையோ படகையோ உங்களுக்குக் காட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பேச்சுக்கும் பழகுவதற்கும் இதுதான் அடித்தளம்.

தட்டில் கொஞ்சம் பொரியைத் தூவிப் பார்த்தாலும் தெரியும். முதலில் உள்ளங்கையால் வாரும். ஒரு வயதை நெருங்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒற்றைப் பொரியைக் கிள்ளி எடுக்கும். (குழந்தை பொரியை வாயில் போட்டுக்கொள்ளாதபடி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.)

கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம்:

— 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடவில்லை.
— 5 மாதமாகியும் தலை நிற்கவில்லை.
— 9 மாதம் கடந்தும் உட்காரவில்லை.
— ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. மழலை ஒலி இல்லை. டாட்டா காட்டுவது, கை நீட்டிக் கேட்பது போன்ற சைகை இல்லை.
— ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது.
— ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை.
— இரண்டு வயதாகியும் “அம்மா வா”, “பால் வேணும்” போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.
— எந்த வயதிலும், ஏற்கெனவே செய்ததை, பேசியதை விட்டுவிட்டது. இதை அவசரமாகவே கருத வேண்டும்.

“அக்கா முந்திக்கொண்டு பேசிவிடுகிறாள், அதனால்தான் தம்பி பேசவில்லை” என்றும், “வீட்டில் இரண்டு மொழி, அதனால்தான் தாமதம்” என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பேச்சு தாமதம் என்றாலே முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறன் சோதனை. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அந்தக் குழந்தையை முதல் வருடத்திலிருந்தே மருத்துவர் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது?

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்து, ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிய வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். உங்கள் அங்கன்வாடிக்குக் குழு எப்போது வருகிறது என்று பணியாளரிடம் கேளுங்கள். அன்று குழந்தையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இந்தப் பரிசோதனை வலையிலிருந்து அதிகம் விடுபடுவது சூளைக் குழந்தைகள். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் எந்தப் பதிவேட்டிலும் நிலைப்பதில்லை. ஊர் மாறினாலும் தாய்-சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போகும் ஊர் அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எங்கே போவது?

முதலில் அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே “வளரட்டும், பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னால், மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையும் நேரடியாக அணுகலாம்.

கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. 2021-ல் அங்கே குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையமும் தொடங்கப்பட்டது. பார்வை, கேட்கும் திறன், உடலியக்கம், பேச்சு, கற்றல் என எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். மாமல்லபுரத்திலிருந்து சென்னை போகும் வழியிலேயே இருப்பதால், பெருநகர மருத்துவமனைகளில் அலைய வேண்டியதில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணில் சுகாதாரத் துறையை அழைக்கலாம்.

குறைபாடு உறுதியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அட்டை வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவும் பயிற்சிச் செலவும் கிடைக்கும். காது கேளாத சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்துகிறார்கள். அதற்கு வயது வரம்பு இருப்பதால் தாமதம் கூடாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை கல்வி இலவசம். பள்ளி சேர்க்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், அங்கே தீராவிட்டால் மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

செய்யக் கூடாதவை

சக்கரம் வைத்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படிக்கட்டிலும் அடுப்படியிலும் விபத்தைத்தான் கொண்டுவரும். கனடா அதை 2004-லேயே தடை செய்துவிட்டது. பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு. அதையும் சமதளத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். இரண்டு வயதுக்குள் செல்போன் திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆட்டிசத்தை ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் போகாதீர்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

இன்னொன்று. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். 14 வயதுவரை படிப்பது அவளுடைய அடிப்படை உரிமை. “நீ இந்த வயசுல எப்படி இருந்தே தெரியுமா?” என்று இருவரையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அவள் தம்பியோடு கை கொட்டி, பாடி, விளையாடினாலே போதும். அது அவனுக்கு நல்ல பயிற்சி, அவளுக்கும் சந்தோஷம்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், போனது ஒரு நாள் கூலி. ஏதோ இருக்கிறது என்று வந்தால், மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். சந்தேகம் வந்த வாரத்திலேயே புறப்படுங்கள்.