வீராம்பட்டினத்து நீலமணி

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் வளைவில், வீராம்பட்டினத்து மீனவர் குடியிருப்பை அடுத்து அரிக்கமேடு இருக்கிறது. ஆடி மாதத்தில் செங்கழுநீரம்மன் தேர்த்திருவிழாவுக்காக அவ்வூருக்குத் திரளும் மக்களுள், இம்மேட்டை எட்டிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் மழை பெய்து மண் கரைந்தபின் அங்கு நடப்போர் கண்களுக்கு, கடுகினும் சற்றே பெரிய கண்ணாடி மணிகள் தென்படுவதுண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எனப் பல நிறத்தவை. அவற்றுள் கருநீல மணியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

மணலையும் காரச் சாம்பலையும் கூட்டி உருக்கினால் கண்ணாடி பிறக்கும். அதற்குச் செம்பின் உப்பு மயில்கழுத்து நிறமும் வான்நீலமும் தரும். ஆழ்ந்த கருநீலமோ கோபால்ட்டு என்னும் உலோகத்தின் கொடை. ஆயிரம் பங்கு கண்ணாடிக்கு ஒரு பங்கு போதும். கண்ணாடிக்குள் பிராணவாயு அணுக்கள் நான்கின் நடுவே கோபால்ட்டு அமர்ந்து, ஒளியின் மஞ்சள், செம்மஞ்சள் கதிர்களை விழுங்கிவிடுகிறது; நீலத்தை வெளியே விடுகிறது. பள்ளியில் வேதியியல் பயிலும் பிள்ளைகள் இதை அறிவர். பொட்டாசியத்தின் இளஊதாச் சுடரை, சோடியத்தின் மஞ்சள் ஒளி மறைத்துவிடும்போது, ஆசிரியர் ஒரு நீலக் கண்ணாடித் துண்டை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். மஞ்சள் மறைந்து ஊதா தெரியும். அத்துண்டு கோபால்ட்டுக் கண்ணாடியே.

இந்த உலோகத்திற்குப் பெயர் வந்த கதையும் சுவையானது. ஜெர்மானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் வெள்ளி தோண்டிய தொழிலாளர், ஒருவகைத் தாதுவை உலையிலிட்டபோது வெள்ளி கிட்டவில்லை. நச்சுப் புகையே கிட்டியது. சுரங்கத்துக் குட்டிப்பேயின் குறும்பு இது என்றெண்ணி, அப்பேயின் பெயரையே தாதுவுக்கு இட்டனர். 1730-களில் சுவீடன் நாட்டு பிராண்ட் என்பார் அதனுள் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் காட்டினார். நம் சமையலறை எனாமல் தட்டிலும் இதற்கு இடமுண்டு. இரும்புத் தகட்டின்மேல் பூசும் முதற்பூச்சில் சிறிது கோபால்ட்டைச் சேர்த்தால்தான் கண்ணாடிப் பூச்சு இரும்பை விடாமல் பற்றிக்கொள்ளும்.

இனி, மணிக்குத் திரும்புவோம். பிராண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிக்கமேட்டுக் கைவினைஞர் அந்த நீலத்தை ஆண்டிருக்கின்றனர். எகிப்தியர் அதற்கும் முந்தியவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இங்குள்ள கருநீலக் கண்ணாடியைப் பகுத்தாய்ந்தோர், அதில் கோபால்ட்டோடு மாங்கனீசும் சேர்ந்திருப்பதைக் கண்டனர். இரண்டும் கலந்த கருமண் தாது ஒன்றை அவர்கள் கையாண்டிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. உருகிய கண்ணாடித் திரளை உட்குழலோடு நீண்ட நூல்போல் இழுத்து, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலிட்டுச் சூடேற்றிக் கிளறினால் கூர்முனைகள் மழுங்கி மணியாகும். ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலத்திலும் நிலைத்திருந்தது. இவ்வகை மணிகள் இலங்கையின் மாந்தையிலும், தாய்லாந்திலும், வியட்நாமின் ஓக்-ஏயோவிலும் கிடைத்துள்ளன.

இம்மேட்டுக்கும் நம் திருச்சபைக்கும் ஓர் உறவு உண்டு. 1770-இல் கீழை நாடுகளுக்கான பொதுக் குருமடம் வீராம்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. பின்னாளில் அத்ரான் ஆயரான பிக்னோ தெ பெஹேன் ஆண்டகை அதனை நடத்தினார். அரிக்கமேட்டில் இன்றும் நிற்கும் இடிந்த சுவர்கள் அக்காலத்து வேதபோதகர் இல்லத்தைச் சேர்ந்தவையே. பழைய செங்கல்லை எடுத்தே அதைக் கட்டினர் என்பர். செங்கல் எடுப்பது அவர்களுக்கு முன்பே நடந்துவந்ததுதான்: ஊரார் பழைய கற்களைத் தோண்டிச் செல்வதாக 1734-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று கூறுகிறது.

1937-இல் புதுவைப் பேராசிரியர் ழுவோ துப்ரெய் இவ்வூர்ச் சிறுவரிடமிருந்து மணிகளையும் பழம்பொருள்களையும் விலைகொடுத்து வாங்கினார். அரிக்கமேட்டை உலகம் அறிந்தது அவ்வாறே. 1945-இல் வீலர் துரை அகழ்ந்து, ரோமானிய மட்கலங்களைக்கொண்டு காலத்தைக் கணித்தார். அவருக்குப்பின் கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் மீண்டும் ஆராய்ந்தார்.

இங்கே நமக்கு ஓர் உறுத்தல் உண்டு. சிறுவரின் கையில் காசு விழுந்ததால் ஊர் புகழ்பெற்றது உண்மை. ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுச் சில்லோடு, எந்தக் கண்ணாடிக் கழிவோடு கிடந்தது என்று தெரியாத மணிக்கு அழகு மட்டுமே மிஞ்சுகிறது. அது எக்காலத்தது, இங்கேயே உருக்கியதா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆறு கரையை அரித்தது போதாதென்று, சேகரிப்போரின் ஆசையும் அரிக்கிறது. இன்று அம்மேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே தோண்டுவது குற்றம். கருநீல மணியைக் காண விழையும் குடும்பங்கள் பிள்ளைகளோடு புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன.