வெட்டியது குற்றமில்லை

1958-இல் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் கைக்கு ஒரு திரைக்கதை வந்து சேர்ந்தது. அவருடைய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் படமாக்க ஆசைப்பட்ட அமெரிக்கர்கள் அனுப்பியது. படித்த மனிதர் கொதித்துப்போனார். போரோமிர் என்ற முக்கியப் பாத்திரத்தின் பெயரே ‘போரிமோர்’ என்று இருந்தது. நாயகர்கள் கால் தேய நடக்க வேண்டிய தூரத்தையெல்லாம் ராட்சதக் கழுகுகளை வைத்துக் கடத்தியிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் சண்டை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரான டோல்கீன், விடைத்தாள் திருத்துவதுபோல் காட்சி காட்சியாகக் குறை எழுதி அனுப்பினார்.

கூடவே ஒரு யோசனையும் சொன்னார். நடமாடும் மர மனிதர்களான என்ட்டுகளின் கதைக்கும், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போருக்கும் படத்தில் போதுமான இடம் கிடைக்காவிட்டால் ஒன்றைத் தூக்கிவிடலாம். தூக்க வேண்டியது போரைத்தான். மூலக்கதைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

44 ஆண்டுகள் கழித்து, 2002-இல், பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘தி டூ டவர்ஸ்’ வெளியானது. அதன் உச்சக்கட்டமே ஹெல்ம்ஸ் டீப் போர்தான். கொட்டும் மழை, இருட்டு, மதில்மேல் சாயும் ஏணிகள், ஆயிரக்கணக்கில் உருக்-ஹாய் என்ற அரக்கர் படை. புத்தகத்தில் ஒரே அத்தியாயமாக முடிந்துவிடும் போரை எடுக்க மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகப் படப்பிடிப்பு நடந்தது. இன்றைக்கும் திரையில் வந்த மிகச் சிறந்த போர்க் காட்சிகளைப் பட்டியல் போடுபவர்கள் இதை விடுவதில்லை. எழுதியவரே வேண்டாம் என்றதை வைத்து எடுத்தவர் பேர் வாங்கிவிட்டார் என்றால், யார் பக்கம் நியாயம்?

புத்தகக் கட்சிக்கும் படக் கட்சிக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வழக்கு இதுதான்.

புத்தகத்துக்கே இரண்டு கட்சி

படங்கள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சண்டை ஆரம்பமாகிவிட்டது. 1937-இல் வந்த ‘தி ஹாபிட்’ குழந்தைகள் கதையாக நன்றாக விற்றது. அதன் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்னது பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் 10 வயது மகன் ரெய்னர். கூலி ஒரு ஷில்லிங். வளர்ந்து பதிப்பகத்துக்கு வந்த அதே ரெய்னர்தான், ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம், ஆனாலும் இது மேதையின் படைப்பு என்று அப்பாவிடம் சொல்லி ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை அச்சுக்குக் கொண்டுபோனார். காகித விலையால் ஒரே நாவலை மூன்றாகப் பிரித்து 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகத்தையே அடிமைப்படுத்தும் சக்தி ஒரு மோதிரத்தில் இருக்கிறது. அது ஃப்ரோடோ என்ற குள்ளமான, சாதுவான ஹாபிட்டின் கைக்கு வருகிறது. அவன் அதைப் பயன்படுத்தக் கூடாது. அது உருவான எரிமலையிலேயே கொண்டுபோய் அழிக்க வேண்டும். சக்தியைத் தேடிப் போகிற வழக்கமான வீரகதையைத் தலைகீழாக்கி, சக்தியைத் தொலைக்கப் போகிற கதையாக டோல்கீன் எழுதினார்.

கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் இதைக் கொண்டாடினார். இந்த நாவல் விஷயத்தில் மிதமான கருத்தே யாருக்கும் இல்லை, தலையில் வைத்து ஆடுகிறார்கள் அல்லது தொடவே மறுக்கிறார்கள் என்று 1956-இல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், இது சிறுபிள்ளைகளுக்கான குப்பை என்று முடித்துவிட்டார். இங்கிலாந்தின் மைக்கேல் மூர்காக் தானே மாயாஜாலக் கதைகள் எழுதுபவர். 1978-இல் எழுதிய கட்டுரையில், இது நடுத்தர வர்க்கத்தைத் தாலாட்டித் தூங்கவைக்கும் எழுத்து என்று சாடினார். விமர்சகர்கள் என்ன சொன்னாலும் வாசகர்கள் விடவில்லை. 2003-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டன் வாசகர்களுக்கு மிகவும் பிடித்த நாவலாக முதலிடம் பிடித்தது இதுதான்.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

ஜாக்சன் முதலில் மிராமாக்ஸ் நிறுவனத்துக்காக இரண்டு படங்களாகத் திட்டமிட்டார். செலவைப் பார்த்து மிரண்ட மிராமாக்ஸ், எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடக்கச் சொன்னது. ஜாக்சன் வேறு நிறுவனத்தைத் தேடிப் போனார். நியூ லைன் சினிமாவின் ராபர்ட் ஷே, புத்தகம் மூன்றாக இருக்கும்போது படம் ஏன் இரண்டு என்று கேட்டாராம். 1999 அக்டோபரில் நியூசிலாந்தில் தொடங்கி 2000 டிசம்பர் வரை மூன்றையும் சேர்த்தே எடுத்து முடித்தார்கள். மூன்றாவது படமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ 2004-இல் 11 ஆஸ்கர் பரிந்துரைகளையும் விருதாகவே மாற்றியது.

ஆனாலும் படங்களைத் திட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர். அவரைச் சாதாரண வாசகராகத் தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தவருக்கு, எழுத எழுத அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார் அப்பா. நாவலுக்கு வரைபடம் போட்டவர், அப்பா இறந்த பிறகு குவிந்து கிடந்த கைப்பிரதிகளைத் தொகுத்துப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். புத்தகத்தின் குடலை உருவி, 15 முதல் 25 வயதுக்காரர்களுக்கான சண்டைப் படமாக ஆக்கிவிட்டார்கள் என்று 2012-இல் பிரெஞ்சு நாளிதழான ‘லு மோந்து’க்கு அளித்த பேட்டியில் வெடித்தார்.

அந்தக் கோபம் எவ்வளவு தூரம் நியாயம்? பொதுவாகப் பேசினால் விடிய விடியப் பேசலாம். நான்கு இடங்களை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

அண்ணனும் தம்பியும்

முதலில் போரோமிர். மோதிரத்துக்கு ஆசைப்பட்டு ஃப்ரோடோவின் மேலேயே பாய்ந்தவன், பிறகு இரண்டு இளைய ஹாபிட்களைக் காப்பாற்றப் போராடி உயிரை விடுகிறான். புத்தகத்தில் அந்தச் சண்டையை நாம் பார்ப்பதில்லை. அரச வாரிசான அரகார்ன் தூரத்தில் ஊதுகொம்புச் சத்தம் கேட்டு ஓடிவரும்போது, உடம்பெல்லாம் அம்பு தைக்க மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். படத்தில் ஷான் பீனின் மார்பில் ஓர் அம்பு, மண்டியிட்டு எழுந்தபின் இன்னொன்று, மறுபடி எழுந்தபின் மூன்றாவது. சாகும் தறுவாயில் அரகார்னைத் தன் அரசனாக ஏற்றுக்கொள்ளும் பேச்சும் படத்துக்காகச் சேர்த்ததே. புத்தகக் கட்சியிலேயே பலர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். தவறியவன் மீள்கிறான் என்ற புத்தகத்தின் கருத்தை ஜாக்சன் மாற்றவில்லை, கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்.

அடுத்து அவன் தம்பி ஃபாரமிர். இங்கேதான் வழக்கு சூடு பிடிக்கிறது. புத்தகத்தில், இப்படியொரு பொருள் நடுரோட்டில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். பிறகு ஃப்ரோடோவின் தோழன் சாம் வாய் தவறி உளறியதில் மோதிரம் எதிரிலேயே இருப்பது தெரிகிறது. இரண்டு ஹாபிட்கள், சுற்றிலும் அவனுடைய ஆட்கள், தடுக்க ஒரு நாதியில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவர்களை வழியனுப்புகிறான். படத்தில் அவனுக்கும் ஆசை வருகிறது. இருவரையும் கைதிகளாக ஆஸ்கிலியாத் நகரம்வரை இழுத்துப்போய்ப் பிறகுதான் மனம் மாறி விடுவிக்கிறான்.

திரைக்கதை எழுதியவர்கள் காரணம் சொன்னார்கள். எல்லாரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரத்தை ஒருவன் சர்வசாதாரணமாக மறுத்தால், அதன்மீது பார்வையாளர்களுக்கு இருக்கும் பயம் போய்விடும். தவிர, ஷெலோப் என்ற பெரும் சிலந்தியின் காட்சியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால், இரண்டாவது படத்தில் ஃப்ரோடோவின் கதைக்கு ஒரு முடிச்சு தேவைப்பட்டது. இரண்டுமே தொழில் தெரிந்தவர்கள் பேசும் பேச்சு. ஆனால் இழப்பும் பெரிது. தன் சாயல் யாரிடமாவது உண்டென்றால் அது ஃபாரமிரிடம்தான் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரிய மந்திரவாதியோ தேவதையோ அல்லாத ஒரு மனிதன், தடுக்க யாருமில்லாத இடத்தில், அதிகாரத்தை வேண்டாம் என்கிறான். இப்படியும் ஒருவன் இருப்பான் என்பதைப் பார்வையாளர்கள் நம்பமாட்டார்கள் என்று படம் முடிவு செய்துவிட்டது.

எரிமலையும் சொந்த ஊரும்

மூன்றாவது, எரிமலை விளிம்பு. புத்தகத்தில் கடைசி நொடியில் ஃப்ரோடோ தோற்றுவிடுகிறான். மோதிரம் என்னுடையது என்று மாட்டிக்கொள்கிறான். மோதிரத்துக்காகவே அலையும் கோல்லம் அவன் விரலைக் கடித்தெடுத்து, கிடைத்த சந்தோஷத்தில் குதித்துக் கால் தவறித் தானே விழுகிறான். கோல்லத்தைக் கொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தும் முதலில் ‘தி ஹாபிட்’ நாயகன் பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் இரக்கப்பட்டு விட்டார்கள். அந்த இரக்கம்தான் உலகத்தைக் காப்பாற்றுகிறது. படத்தில் ஃப்ரோடோ எழுந்து கோல்லத்தோடு கட்டிப் புரள்கிறான், இருவரும் விளிம்பிலிருந்து சரிகிறார்கள். ஃப்ரோடோவே தள்ளிவிடுவதாக முதலில் எடுத்துப் பார்த்தார்களாம். அது கொலைபோல் தெரிகிறது என்று படக்குழுவே கைவிட்டது. நல்லவேளை. இருந்தாலும் நாயகனுக்கு ஏதாவது வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற சினிமா அவசரம் அங்கே எட்டிப்பார்க்கிறது.

நான்காவது, போர் முடிந்து ஊர் திரும்பும் பகுதி. புத்தகத்தில் ஹாபிட்களின் ஊரான ஷயர் பாழாகிக் கிடக்கிறது. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், புதிய ஆலை ஆற்றை நாறடிக்கிறது, அடியாட்களின் ராஜ்ஜியம் நடக்கிறது. ஊரைத் திரட்டி அவர்களே மீட்க வேண்டியிருக்கிறது. 1916-இல் சோம் போர்க்களத்தில் பதுங்குகுழியில் கிடந்த டோல்கீன், இந்தப் பகுதியை முதலிலிருந்தே திட்டமிட்டிருந்ததாகச் சொன்னவர். படத்தில் இது அறவே இல்லை. ஊர் திரும்பிய நான்கு ஹாபிட்களும் மதுக்கடையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது. படத்துக்கு முடிவு மேல் முடிவு என்று ஏற்கெனவே கேலி பேசியவர்கள், இன்னொரு போரையும் பொறுத்திருக்க மாட்டார்கள். அதனால் இந்த வெட்டை மன்னிக்கலாம். டாம் பாம்படில் என்ற பாட்டுக்காரர் படத்தில் இல்லையே என்று புலம்புபவர்களுக்கும் இதே பதில்தான். அவர் இல்லாததால் கதையில் யாருடைய குணமும் மாறவில்லை.

சேர்த்தும் கெட்டது

விடாமல் எடுத்துவிட்டால் விசுவாசம் ஆகிவிடுமா? அதற்கும் சோதனை நடந்துவிட்டது. சுமார் 300 பக்கமுள்ள ‘தி ஹாபிட்’ நாவலை அதே ஜாக்சன் 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு இழுத்தார். இரண்டு என்று ஆரம்பித்து, வெளியாகச் சில மாதங்களே இருந்தபோது மூன்று என்றார்கள். புத்தகத்தில் இல்லாத டாரியல் என்ற வீராங்கனையும் அவளுக்கொரு காதலும் சேர்ந்தன. வசூலுக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டைவிட்டு நகர விரும்பாத பில்போவின் சின்னச் சாகசம் பெரும் போர்களுக்கு நடுவே காணாமல் போனது. ரசிகர்கள் சிலர் தாங்களே கத்தரித்து ஒரே படமாக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

மேடையிலும் முயன்றார்கள். 2006-இல் கனடாவின் டொரான்டோ நகரில் அரங்கேறிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இசை நாடகத்துக்கு, ஃபின்லாந்தின் வார்ட்டினா குழுவோடும் கிறிஸ்டோஃபர் நைட்டிங்கேலோடும் சேர்ந்து இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். மொத்த நாவலையும் மூன்றரை மணி நேரத்துக்குள் அடக்கப் பார்த்தார்கள். இசையைப் பாராட்டியவர்கள்கூடக் கதை தலைகால் புரியவில்லை என்றார்கள். சில மாதங்களில் திரை விழுந்தது. மறு ஆண்டு லண்டனில் குறைத்துப் போட்டதும் 2008-இல் முடிவுக்கு வந்தது.

ஆக, வெட்டியது குற்றமில்லை, சேர்த்ததும் குற்றமில்லை. டோல்கீனே ஒரு போரை வெட்டச் சொன்னவர்தான். ஹெல்ம்ஸ் டீப்பைப் பெரிதாக்கியதால் நாவலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஃபாரமிரைச் சிறிதாக்கியதால் குறைந்தது. கிறிஸ்டோஃபர் டோல்கீனின் கோபத்தில் பாதியை நான் ஏற்பேன். சண்டை கூடிப்போனது உண்மை. ஆனால் குடல் முழுவதும் போய்விடவில்லை. ஃப்ரோடோ நீட்டிய மோதிரத்தைத் தொடாமல் அவன் விரல்களை அரகார்ன் மூடிவிடும் காட்சி புத்தகத்தில் கிடையாது. அதைவிடப் புத்தகத்துக்கு நெருக்கமான காட்சி படத்திலும் அதிகம் கிடையாது.

2022-இல் அமேசான் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரைத் தொடங்கியதும் பழைய சண்டைக்குப் புது விறகு கிடைத்தது. இன்னும் படங்கள் வரும், இந்தப் பேச்சும் ஓயாது. அடுத்த முறை யாராவது ‘புத்தகத்தில் இப்படி இல்லையே’ என்று ஆரம்பித்தால், எத்தனை பக்கம் போயிற்று என்று எண்ண வேண்டாம். அந்த மாற்றத்தால் எந்தப் பாத்திரத்தின் குணம் மாறியது என்று மட்டும் கேளுங்கள். யாருடையதும் மாறவில்லை என்றால் இயக்குநரை விட்டுவிடலாம். மாறியிருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.