இரைச்சலுக்கு அடியில் குவாசர்கள்

குவாசர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் ரேடியோ அலைகளில் உரக்கப் பேசும். மற்றவை ஊமைகள் அல்ல. அவற்றின் குரல் கருவியின் இரைச்சலுக்குள் அமுங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவே ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது பிறக்கும் வெளிச்சமே குவாசர். பல நூறு கோடி ஒளியாண்டுகளைக் கடந்து வருவதால் அதன் ரேடியோ அலை மிகவும் மெலிந்துவிடுகிறது. அதை ஜான்ஸ்கி என்ற அலகால் அளப்பார்கள். அதுவும் பெரிதாக இருப்பதால், ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிஜான்ஸ்கிதான் புழக்கத்தில் உள்ளது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தலா 25 மீட்டர் அகலமுள்ள 27 ஆன்டெனாக்களைக் கொண்டது வி.எல்.ஏ. தொலைநோக்கி. அதைக் கொண்டு 1993-இல் 'ஃபர்ஸ்ட்' என்ற வான் கணக்கெடுப்பு தொடங்கியது. அதன் படங்களில் இரைச்சலே 0.15 மில்லிஜான்ஸ்கி. ஒரு மில்லிஜான்ஸ்கியாவது இருந்தால்தான் பட்டியலில் இடம்.

பட்டியலுக்கு வராதவற்றை என்ன செய்வது? வானியலாளர் ரிச்சர்ட் வைட் குழுவினர் 2007-இல் ஒரு வழி காட்டினார்கள். ஒளித் தொலைநோக்கி கண்டறிந்த 41,000-க்கும் மேற்பட்ட குவாசர்களின் இடங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தந்த இடத்தின் ரேடியோ படத்துண்டை வெட்டி, குவாசர் நடுவில் வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இரைச்சல் ஒரு படத்தில் கூடும், இன்னொன்றில் குறையும். அடுக்க அடுக்கத் தேயும். குவாசரின் இடம் மட்டும் மாறாது. 10,000 படங்களை அடுக்கினால் இரைச்சல் நூறில் ஒரு பங்காகிவிடும்.

சராசரி எடுப்பதில் ஒரு வம்பு உண்டு. தெருவில் ஒரு கோடீஸ்வரர் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானமே பொய்யாகிவிடுமே! ஒளிமிக்க சில குவாசர்களும் அப்படித்தான் கணக்கைக் கெடுக்கும். எனவே, மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு சோதனை. அளவு தெரிந்த போலி மூலங்களைத் தரவுக்குள் தாங்களே புதைத்து, மீண்டும் அடுக்கிப் பார்த்தார்கள். போட்டதைவிடக் குறைவாகவே கிடைத்தது! ஆகவே மங்கலான மூலங்களின் அளவை 1.4 மடங்காகத் திருத்த வேண்டியிருந்தது.

ஒளியில் பிரகாசமான குவாசர் ரேடியோவிலும் பிரகாசமாகவே இருக்கிறது, ஆனால் அதே விகிதத்தில் அல்ல என்று தெரிந்தது. வழக்கத்தைவிடச் சிவந்த குவாசர்கள் ரேடியோவில் கூடுதலாக ஒலிக்கின்றன. இவையெல்லாம் கூட்டத்தின் குணம் மட்டுமே. தனியொரு குவாசரைப் பற்றி அடுக்கு வாய் திறக்காது. அந்த மெல்லிய அலையை எழுப்புவது கருந்துளையா, சுற்றிலும் பிறக்கும் விண்மீன்களா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை.