பஸ்ஸுக்கென்றே ஒரு பாலம்

பஸ் தாமதமாவதற்குப் பெரும்பாலும் அது நிற்கும் நேரம்தான் காரணம். சிக்னலில் நிற்கும், நெரிசலில் நிற்கும், ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராகக் காசு கொடுத்து முடிக்கும் வரையிலும் நிற்கும். இதைக் குறைக்க, பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இல் பஸ்ஸுக்குச் சாலையில் தனித்தடம் ஒதுக்கியது. 1991-இல், ஏறுமுன்பே கட்டணம் செலுத்தும் கண்ணாடிக் குழாய் நிலையங்களையும் கட்டியது.

மலேசியாவின் முதல் விரைவு பஸ் தடம் பண்டார் சன்வேயில் 2015 ஜூன் 2-ஆம் தேதி தொடங்கியது. 5.4 கிலோமீட்டர் நீளம், 7 நிலையங்கள். குரிச்சிபாவைப் போலச் சாலையைப் பங்கு போடவில்லை. முழுத் தடத்தையும் தூண்கள் மேல் தூக்கி நிறுத்திவிட்டார்கள். கார் குறுக்கிடாது, சிக்னலும் கிடையாது. பயணிகள் நிலையத் தடுப்பிலேயே கட்டண அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். நடைமேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம் என்பதால் சக்கர நாற்காலி சிரமமின்றி ஏறும். ஓடுபவை மின்சார பஸ்கள்.

செலவு? 63 கோடியே 40 லட்சம் வெள்ளி! தரையில் கோடு போட்டுத் தடுப்பு வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. ஆனால் குரிச்சிபாவைப் போலக் கார்க்காரர்களின் பாதையைப் பிடுங்க எத்தனை ஊர்களில்தான் துணிகிறார்கள்?

பேராக்கின் சுங்காயிலிருந்து போகிறவர்கள் ரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று, கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலுக்கு மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கினால் இந்த பஸ்ஸைப் பிடிக்கலாம். சன்வே மருத்துவ மையத்துக்குப் போக வேண்டியவர்கள் சன்மெட் நிலையத்தில் இறங்குங்கள்.